டைரக்டா, நான்-ஸ்டாப்பா?

கோவை பீளமேட்டில் விமானம் ஏறப்போகும் திருப்பூர்க்காரர் ஒருவர், கையில் பனியன் சாம்பிள் பையோடு, "டைரக்ட்னுதான போட்டிருக்குது, அப்புறம் ஏனுங்க நடுவுல எறங்குது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, இந்தச் சொல் நிறையப் பேரை ஏமாற்றுகிறது.

அர்த்தம்: டைரக்ட், 'நேரான' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் விமானத்தில் அதற்கு, முதலிலிருந்து கடைசிவரை ஒரே விமான எண் என்றுதான் பொருள். இடையில் ஓர் ஊரில் இறங்கி ஆள் ஏற்றலாம், சில சமயம் விமானமே மாறலாம். நான்-ஸ்டாப், ரயிலுக்குச் சொல்லிவந்த சொல். கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு எங்கும் தரையிறங்காமல் போகிறதே, அதுதான் நான்-ஸ்டாப்.

நேரம்: நான்-ஸ்டாப்தான் ஜெயிக்கும். டைரக்டில் இறங்கி ஏறவே முக்கால் மணி, ஒரு மணி கூடப் போய்விடும்.

செலவு: டைரக்ட் பல நாள் மலிவு. எப்போதும் அல்ல, ரெண்டையும் பார்த்துவிடுங்கள்.

வயசான அம்மாவையோ கைக்குழந்தையையோ கூட்டிப்போனால் நான்-ஸ்டாப்பே போடுங்கள், ஆயிரம் ரெண்டாயிரம் கூடினாலும் சரி. தனியாள், அவசரமில்லை என்றால் டைரக்ட் போதும், 'நிறுத்தங்கள்' என்ற இடத்தில் பூஜ்யமா ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்க.