செயின் துள்ளுதா? பார்க் டூல் சிசி-3.2 கேஜ்

பெங்களூர் பக்கத்து நந்தி பெட்டா மலை ஏத்தத்தில் சைக்கிளை எழுந்து நின்று மிதிக்கும்போது 'டக்'கென்று செயின் துள்ளி, பெடல் சட்டென்று இறங்கும். உடனே பல கடைகளில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரைத் திருகுவார்கள். அழுத்தி மிதித்தால் மட்டும் துள்ளுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது செயின் தேய்மானம். அதை அளக்க இந்த கேஜ் என்கிற இரும்புத் தகடு ஒன்று போதும். பெங்களூரில் வாரா வாரம் ஓட்டுகிற எல்லாரும் வாங்கி வைக்கலாம்.

ஒரு பக்கம் 0.5 சதவீதத் தேய்மானம், மறுபக்கம் 0.75 சதவீதம். பின் பிரேக்கைப் பிடித்துப் பெடலை லேசாக அழுத்தினால் மேல்செயின் விறைப்பாக நிற்கும். கொக்கியை ஒரு கண்ணியில் மாட்டி மறுமுனையை விடுங்கள். தானாக முழுசாக உள்ளே விழுந்தால் செயின் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது. விரலால் அழுத்தி இறக்கவே கூடாது. நாலு இடத்தில் பாருங்கள். 11, 12 ஸ்பீடு (பின்னால் அத்தனை பல்சக்கரம்) என்றால் 0.5 விழுந்ததும் மாற்றிவிடுங்கள். 8 முதல் 10 ஸ்பீடு வரை 0.75 விழும்வரை ஓட்டலாம்.

செயின் நீண்டுவிட்டது என்பார்கள். இரும்பு நீளவில்லை, கண்ணிகளைக் கோக்கும் 'பின்' என்ற ஊசியும் அது சுழலும் இடமும் தேய்ந்து, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடிவிட்டது. நம்ம ஊர்ச் செம்மண் தூசி ஆயிலோடு சேர்ந்து கறுப்பு மையாகி, உப்புத்தாள் மாதிரி உள்ளே அறுக்கிறது. பிறகு, பின்னைச் சுற்றியிருக்கும் சிறு உருளையான ரோலர், பல்சக்கரப் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி நிற்கிறது, அழுத்தம் வந்ததும் வழுக்குகிறது.

இந்தக் கேஜில் ஒரு குறை உண்டு. ரோலர்களை எதிரெதிர்ப் பக்கம் தள்ளி அளப்பதால், ரோலரின் ஆட்டமும் கணக்கில் சேர்ந்து, தேய்மானத்தைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். விழுந்தும் விழாமலும் நின்றால் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் 12 அங்குல ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யம் வைத்தால், புதுச் செயினில் 24ஆவது இடைவெளியின் முடிவில் உள்ள பின் சரியாக 12இல் நிற்கும். 1.5 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் 0.5 சதவீதம்.

பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டை இது அளக்காது. புதுச் செயின் போட்ட பிறகு அடிக்கடி ஓட்டும் இரண்டு மூன்று பல்சக்கரங்களில் மட்டும் துள்ளினால், அந்தப் பற்கள் போய்விட்டன.

கேஜ் விழவில்லை, ஆனாலும் சீரான இடைவெளியில் துள்ளுகிறதா? இறுகிப்போன கண்ணி இருக்கும். முன் பல்சக்கரத்தில் 34 பல், செயினில் 114 கண்ணி என்றால் பெடல் சுமார் 3.35 சுற்றுக்கு ஒருமுறை துள்ளும். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டிரெய்லியரின் கீழ்ச் சக்கரத்தைத் தாண்டியும் நிமிராமல் வளைந்தே வரும் கண்ணியைத் தேடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டால் இளகிவிடும்.