வெள்ளவத்தையில் ஒரு காஸ் போறணைத் திருத்தம்: பைலட் சுடர் உள்ள கருவி வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

காஸ் போறணை, காஸ் வெந்நீர்க் கருவி என்று பைலட் சுடர் (எரிகுழாயைப் பற்றவைக்க எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடர்) உள்ள ஏதாவது ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள், அதைத் திருத்த ஆளை அழைப்பதற்கு முன் இதை முழுவதும் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். சென்ற ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஒரே திருத்துநர் மூன்று தடவை என் வீட்டுக்கு வந்து, மொத்தம் 31,500 ரூபா வாங்கிக்கொண்டு, என் போறணையைப் பழுதாக இருந்தபோது இருந்ததை விடவும் ஆபத்தான நிலையில் விட்டுச் சென்றார். பணம் போனதை நான் எப்படியோ தாங்கிக்கொள்வேன். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு என் அம்மா நின்ற குசினியின் தரையில் காஸ் தேங்கிக் கிடந்தது என்பதை இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. நான் பணிஸும் கேக்கும் செய்து, அயலில் உள்ள கடைகளுக்கும் வீட்டு விசேடங்களுக்கும் கொடுத்து வருகிறேன். போறணை இரண்டு தட்டுகள் கொண்டது. மூடிய ஒரு பேக்கரியிடமிருந்து வாங்கியது. மின்சாரத்தால் பற்றவைக்கும் புதிய வகை அல்ல. சிறிய பைலட் சுடர் ஒன்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். குமிழைத் திருப்பினால் அதிலிருந்து பெரிய எரிகுழாய்கள் பற்றிக்கொள்ளும்.

ஜூன் மாத நடுப்பகுதியில் அந்தப் பைலட் அணையத் தொடங்கியது. காலையில் பற்றவைத்தால் முதல் இரண்டு சுற்றுப் பணிஸும் ஒழுங்காக வெந்துவிடும். மூன்றாவது சுற்றுக்கு மாவை உள்ளே வைத்த பிறகு பார்த்தால் போறணை ஆறிப்போய்க் கிடக்கும். சில நாட்களில் மதியம் வரை எரியும், சில நாட்களில் அரை மணித்தியாலம்கூட நிற்காது. இந்த ஒழுங்கீனமே ஒரு முக்கியமான தடயம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முகநூலில் விளம்பரம் செய்திருந்த ஒருவரை அழைத்தேன்.

அவர் வந்து போறணையின் கதவைக்கூடத் திறக்கவில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "அக்கா, இப்ப வாற காஸுக்கு இந்த ரெகுலேட்டர் சரிவராது, கலவை மாறிப்போச்சு" என்றார். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புகளும் தீவிபத்துகளும் நடந்ததும், புரொப்பேன், பியூட்டேன் கலவை பற்றிய கேள்வி எழுந்ததும், அதை ஆராயக் குழு அமைக்கப்பட்டதும் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிலிண்டரை வெளி மாடத்துக்கு நகர்த்தி, ஒவ்வொரு இரவும் இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்த பிறகே படுக்கப் போவோம். அந்தப் பயம் இன்னும் மக்களுக்குள் இருக்கிறது என்பதை இவர் நன்றாக அறிந்திருந்தார். நான் மறுபேச்சுப் பேசாமல் புதிய ரெகுலேட்டருக்கும் கூலிக்குமாக 6,500 ரூபா கொடுத்தேன். அதே சிலிண்டரில், அதே பழைய ரெகுலேட்டரில் சமையல் அடுப்பின் மூன்று வாய்களும் சீரான நீலச் சுடருடன் எரிந்துகொண்டிருந்தன என்பதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ரெகுலேட்டர் பழுதாக இருந்தால் அந்தச் சுடர்களும் தளர்ந்திருக்கும்.

நாலு நாளில் பைலட் மீண்டும் அணைந்தது. இரண்டாவது தடவை வந்தவர், போறணைக்குப் போகும் காஸைத் திறந்து அடைக்கும் கட்டுப்பாட்டு வால்வு "செத்துவிட்டது" என்று சொல்லி, அதைக் கழற்றி வேலைத்தலத்துக்குக் கொண்டு போனார். ஐந்து நாட்கள் என் வேலை நின்றது. ஒரு பிறந்தநாள் கேக்குக்கு வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புது வால்வு என்று சொல்லி 18,500 ரூபா பெற்றுக்கொண்டார். பற்றுச்சீட்டு கேட்டபோது அடுத்த தடவை தருவதாகச் சொன்னார். அவர் போன பிறகு துடைத்தபோதுதான் வால்வின் அடிப்பக்கத்தில், முன்பு என் கத்தி பட்டு விழுந்த கீறல் அப்படியே இருப்பதைக் கண்டேன். அது என்னுடைய பழைய வால்வு, மினுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். தொலைபேசியில் கேட்டதற்கு, உள்ளே இருப்பதெல்லாம் புதிது, வெளிக்கூடு மட்டுமே பழையது என்றார்.

ஜூலை முழுவதும் அது அணைந்து அணைந்து எரிந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூன்றாவது தடவை வந்து, ஒரு மணித்தியாலம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்து, "இனி அணையாது அக்கா, நான் பொறுப்பு" என்று சொல்லி மேலும் 6,500 ரூபா வாங்கினார். உண்மையிலேயே அணையவில்லை. பதினொரு நாட்கள் சுடர் நின்று எரிந்தது. நான் அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டேனே என்றுகூட வருந்தினேன்.

பன்னிரண்டாம் நாள் விடியப்புறம் தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, குசினி வாசலில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். முகத்தளவில் மணம் இலேசாகத்தான் இருந்தது. குனிந்தபோது மூச்சை அடைத்தது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை என்பதால் கசிந்த காஸ் தரையோடு படிந்து தேங்கும். மின்விளக்கைத் தொட வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்து, இருட்டிலேயே தடவிப் போய்ச் சிலிண்டரைப் பூட்டி, கதவுகளையும் யன்னல்களையும் திறந்துவிட்டு, இருவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்தோம். பைலட் அணைந்திருந்தது. ஆனால் அதன் வழியாகக் காஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

இது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள, அந்தக் கருவிக்குள் இருக்கும் ஒரு சிறிய பாதுகாப்பை அறிந்திருக்க வேண்டும். பைலட் சுடருக்குள் தலை நுழைத்து நிற்கும் செப்புக் கம்பி போன்ற பொருளைத் தெர்மோகப்பிள் என்பார்கள். இருவேறு உலோகங்கள் ஒன்றுசேரும் அதன் நுனி சூடாகும்போது சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. நல்ல நிலையில் 25 முதல் 30 மில்லிவோல்ட் வரை இருக்கும். அந்தச் சிறு மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்துக் காஸ் வழியைத் திறந்து வைக்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறும், மின்சாரம் குறையும், காந்தம் விடும், உள்ளே உள்ள ஸ்பிரிங் ரப்பர் வட்டத்தைத் தள்ளிக் காஸை அடைத்துவிடும். பைலட்டைப் பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிடம் வரை அமுக்கிப் பிடித்திருப்பது அந்த நுனி சூடாகட்டும் என்பதற்காகத்தான்.

இதை எனக்கு விளக்கியவர், பேக்கரி இயந்திரங்களில் பல காலம் வேலை செய்து ஓய்வெடுத்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். அயல்வீட்டார் அவரை அழைத்து வந்தார்கள். வால்வைத் திறந்து பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பிள்ளை, இதுக்குள்ள ஸ்பிரிங்கும் இல்லை, ரப்பரும் இல்லை. அடைக்கிற சாமான் ரெண்டையும் கழட்டிப்போட்டு வெறும் கூட்டைப் பூட்டியிருக்கிறான்" என்றார். தெர்மோகப்பிள் வெளியே ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தது. அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பைலட்டின் நுண்துளையும் ஊசியால் குத்திப் பெருப்பிக்கப்பட்டிருந்ததால், கசிந்த அளவும் கூடியிருந்தது. எங்கள் போறணை "அணையாமல்" இருந்ததன் இரகசியம் இவ்வளவுதான்: காற்றில் சுடர் ஒதுங்கும்போதெல்லாம் முன்பு வால்வு அடைத்துக்கொண்டது, இப்போது அடைக்க எதுவும் இல்லாததால் சுடர் தள்ளாடித் தள்ளாடி எரிந்துகொண்டிருந்தது. பலத்த காற்று ஒன்று அதை முற்றாக ஊதி அணைத்த இரவில், தடுப்பதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு இருபது நிமிடம்தான் ஆனது. எங்கள் குசினி யன்னல் கடலைப் பார்த்தது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நேராகப் போறணையின் அடிப்பகுதிக்குள் புகுந்தது. ஊசியால் பெருப்பிக்கப்படுவதற்கு முன், பைலட் துளையில் மாத்தூசும் கரியும் படிந்து சுடர் ஏற்கெனவே சிறுத்து, மஞ்சள் நிறமாகி இருந்தது. கூர்மையாக நிற்க வேண்டிய நீலச் சுடர் தெர்மோகப்பிளின் மேல்நுனியை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்காவது சூழ்ந்திருக்க வேண்டும். எங்களுடையதில் பக்கத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றது. பழைய தெர்மோகப்பிளை அளந்து பார்த்தார், 9 மில்லிவோல்ட் காட்டியது. கடல் உப்பில் அதன் இணைப்பும் பச்சை பிடித்திருந்தது.

குமிழை விட்டவுடனேயே பைலட் அணைந்தால் முதலில் தெர்மோகப்பிளையும் அதன் இணைப்பையும் பார்க்க வேண்டும் என்றும், சில மணித்தியாலம் எரிந்து நினைத்த நேரத்தில் அணைந்தால் காற்றையும் அழுக்குத் துளையையும் சந்தேகிக்க வேண்டும் என்றும், பெரிய எரிகுழாய் பற்றும் கணத்தில் அணைந்தால் மட்டுமே ரெகுலேட்டர், குழாய் பக்கம் போக வேண்டும் என்றும் அவர் சொன்னார். முதலில் வந்தவர் என்னிடம் எந்த நேரத்தில் அணைகிறது என்று மூன்று தடவையும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் அதுவே போதிய அடையாளம்.

பெரியவர் புறக்கோட்டையில் பேக்கரிச் சாமான் விற்கும் கடையொன்றிலிருந்து தெர்மோகப்பிளும், வால்வும், சரியான அளவுப் பைலட் முனையும் வாங்கி வரச் சொன்னார். மூன்றுக்கும் 11,200 ரூபா முடிந்தது, பற்றுச்சீட்டுடன். தெர்மோகப்பிளின் திருகை விரலால் இறுக்கி, சாவியால் கால் சுற்று மட்டும் திருப்பினார். அதற்கு மேல் இறுக்கினால் நுனித் தொடர்பு நசிந்துவிடுமாம். போறணையை யன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். யன்னலை நிரந்தரமாக அடைத்துவிடலாமா என்று கேட்டபோது மிகவும் கோபித்தார். எரியும் காஸுக்குக் காற்று போதாவிட்டால் மணமே இல்லாத காபன் மொனொக்சைட் உண்டாகும் என்றார். கூலியாக 3,000 ரூபாவுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். வால்வுக்குப் பணம் கொடுத்ததை வங்கி வைப்புச் சீட்டாலும் தொலைபேசிச் செய்திகளாலும் காட்ட முடிந்தது. மற்ற இரண்டு தடவைகளும் கையில் கொடுத்ததால் என்னிடம் எதுவும் இல்லை. அவர் கழற்றிய ஸ்பிரிங்கையோ ரப்பரையோ நான் கேட்டு வாங்கி வைக்கவில்லை. கழற்றும் எந்தப் பாகத்தையும் வீட்டிலேயே விட்டுப் போகச் சொல்லுங்கள். மறுப்பவரை வேலை செய்ய விடாதீர்கள்.

முறைப்பாடு போனது தெரிந்ததும் அவர் அழைத்து, மீளப் பெற்றால் 18,500 ரூபாவைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் இணங்கவில்லை. அதற்குக் காரணம், எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொரு வீட்டில் அவர் இதே வேலை செய்திருந்தார். பெரியவர் அங்கும் போய்ப் பார்த்தார். அந்த வால்வுக்குள்ளும் ஸ்பிரிங் இல்லை. அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை தரையில் தவழ்ந்து விளையாடுகிறது.

ஆகவே அண்மையில் யாராவது உங்கள் பைலட்டை "இனி அணையாதபடி" திருத்தித் தந்திருந்தால், இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பைலட்டை மட்டும் பற்றவைத்து ஐந்து நிமிடம் எரியவிட்டு, சிலிண்டரின் வாயைப் பூட்டுங்கள். சுடர் தானாகச் செத்த பிறகு, வால்வுக்குப் பக்கத்தில் காதை வைத்து ஒன்றரை நிமிடம் அமைதியாகக் கேளுங்கள். காந்தம் விடும்போது 'டிக்' என்று ஒரு சிறு ஓசை வர வேண்டும். வரவில்லையென்றால், வால்வைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் வரும்வரை அந்தச் சிலிண்டரை மீண்டும் திறக்காதீர்கள்.