கொடைக்கு எந்தச் செட்டைச் சொல்லலாம்: வில்லா, கணியானா, மேளமா, கச்சேரியா?

பங்குனி பிறந்துவிட்டால் திருநெல்வேலிச் சீமையில் ஊர்க்கூட்டங்கள் களைகட்டும். தலைக்கட்டுக்கு வரி எவ்வளவு என்று முடிவானதும் அடுத்த பேச்சு, இந்த வருசம் ஊர்க்கோயில் சாமிக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவுக்கு எந்தச் செட்டை, அதாவது எந்தக் கலைக்குழுவைச் சொல்வது என்பதுதான். வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் போதும் என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். உடனே ஓர் இளவட்டம் எழுந்து கேட்கும்: “அண்ணாச்சி, வில்லு வச்சா யாரு உக்காந்து கேக்கா? செண்டை வச்சாத்தான் பயலுவ வருவானுவ.”

கேள்வியில் தப்பில்லை. ஆனால் வருகிற கூட்டத்தை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கொடை என்பது அந்தப் பீடத்தில் நிற்கிற சாமி யார், எப்படிப் பிறந்தது, எப்படி இந்த ஊருக்கு வந்தது என்பதை ஒரு ராத்திரி முழுக்க அந்த ஊர் கேட்பது. அதைச் சொல்லத் தெரிந்த இசைக்குத்தான் முதலிடம் என்பது என் கட்சி. அந்தக் கணக்கில்தான் இங்கே ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

வில்லில் தொடங்கலாம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி, அதற்கும் மேற்கே திருவனந்தபுரம் பக்கம் வரைக்கும் வில்லுப்பாட்டு கோயிலோடு ஒட்டியே வளர்ந்தது. வேட்டைக்குப் போனவர்கள் களைப்பாறும்போது வில்லைச் சாய்த்துவைத்து நாணைத் தட்டிப் பாடியதில் பிறந்தது என்று புலவர்கள் கதை சொல்வார்கள். அது எப்படியோ, மேடையில் இன்றைக்கும் நடுநாயகம் வில்தான். ஆளைவிட நீளமான வில், அதில் வரிசையாகக் கட்டிய மணிகள், வில்லைத் தாங்கி நிற்கும் மண்குடம். புலவர் இரண்டு கையிலும் வீசுகோல் வைத்து நாணில் அடிக்கும்போது மணிகள் மொத்தமாகக் குலுங்கும். குடக்காரர் பத்தி என்கிற தட்டையான மட்டையை வைத்துக் குடத்தின் வாயில் அடிப்பார். உள்ளே அடைபட்ட காற்று ‘கும்’ என்று வெளியே வரும். உடுக்கு, தாளம், கட்டை எல்லாம் அதற்கு மேலே ஏறி நிற்கும்.

இசையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் அமைப்பு. காப்பு என்கிற கடவுள் வணக்கத்தில் தொடங்கி வாழி என்கிற வாழ்த்தில் முடியும் வரை பாட்டும் பேச்சும் மாறி மாறி வரும். புலவர் நாலு அடி பாடுவார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அப்புறம் புலவர் அதையே வசனமாக விளக்குவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். திண்ணையில் பாதித் தூக்கத்தில் இருக்கிற பாட்டிக்கும் கதை விட்டுப்போகாது. சாமி வருகிற கட்டம் நெருங்கியதும் வசனம் நின்று, சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு தொடங்கும். உடுக்கு வேகம் கூடும், சாமியாடுகிற கோமரத்தாடி அசைய ஆரம்பிப்பார். ஆட்டம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். நல்ல புலவருக்கு அடையாளம் இந்த இடம்தான்: சாமியாட்டத்துக்காகக் கதையை நிறுத்தவும் தெரிய வேண்டும், அறுந்துபோகாமல் மறுபடி எடுக்கவும் தெரிய வேண்டும்.

கதைகளும் லேசுப்பட்டவை அல்ல. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன் செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களுக்காகப் பூணூலை அறுத்தெறிகிறான், செருப்புத் தைக்கப் படிக்கிறான், கடைசியில் மாடுகளைக் காக்கப் போய்ச் சண்டையில் சாகிறான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிற சன்னதிக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. சாதியைப் பற்றி இவ்வளவு துணிச்சலாகப் பேசுகிற கதையை ஊர் நடுவில் சாமி பேரால் பாடவைத்த கலை வில்லு. இதற்காகவே அதைக் கும்பிடலாம்.

எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் அமைப்பு என்பதால் வில்லு கோயிலை விட்டு வெளியிலும் நடந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதைக் காந்தி கதைக்கும் சீர்திருத்தப் பேச்சுக்கும் பயன்படுத்தினார். அவரிடம் போய்ச் சேர்ந்த நம் சத்திரம் புதுக்குளத்துக்காரர் சுப்பு ஆறுமுகம் (1928–2022) சென்னை சபாக்களுக்கும் வானொலிக்கும் அதைக் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சபாவில் கேட்கிற வில்லும் நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடையில் கேட்கிற வில்லும் ஒன்றல்ல. சபாவில் சாமி வராது. அதனால் பாட்டுக்கு அந்த அவசரமும் கிடையாது.

கணியான் கூத்து அப்படி வெளியே போகவில்லை. மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். பழங்குடிப் பட்டியலில் இருக்கும் கணியான் சமூகத்தார் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிற கலை இது. தலைமைப் பாடகரான அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்க இரண்டு பேர், பெண் வேடமிட்டு ஆடும் இரண்டு ஆண்கள், ஜால்ராவுக்கு ஒருவர். அவ்வளவுதான் செட். வில்லுக்காரர்கள் உட்கார்ந்து பாடுவார்கள், இவர்கள் நின்றுகொண்டு. வில்லு சாமியைப் பற்றி ஊருக்குச் சொல்கிறது. கணியான் பீடத்தைப் பார்த்து நின்று சாமிக்கே அதன் கதையைச் சொல்கிறான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மகுடத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மரச்சட்டத்தில் தோலை ஒட்டியிருப்பார்கள். பசை புளியங்கொட்டையில் காய்ச்சியது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஓலையைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். இரண்டு மகுடமும் ஒரே சத்தம் தராது. ஒன்று மந்தம், ஒன்று உச்சம். மந்தம் அடியில் உருண்டுகொண்டே இருக்கும். உச்சம் அதன் மேல் வெட்டி வெட்டி விழும். அந்த இரண்டுக்கும் நடுவில் அண்ணாவி ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு குரலை மேலே எடுப்பார். சுதிப்பெட்டி இல்லாமலே குரல் நிற்கும். விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை சுடுகாட்டுப் பிணம் தின்று சுடலைமாடன் சாமியான கதையை அந்தக் குரலில் நடுச்சாமத்தில் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சில கோயில்களில் அந்த நேரத்தில் கைவெட்டும் உண்டு. கணியான் தன் கையைக் கீறிச் சாமிக்கு இரத்தம் கொடுப்பார். அதை வேடிக்கைப் பொருளாகப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

குறை என்று பார்த்தால், கணியான் பாட்டில் வில்லு அளவுக்கு விளக்கம் கிடையாது. கதை தெரியாதவருக்குப் பாதி புரியாது. பிள்ளைகளை உட்காரவைப்பது கஷ்டம். இன்னொன்று, ஆட்கள் குறைந்துவருகிறார்கள். ஒரே சமூகத்தின் கையில் இருக்கிற கலை, அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால் சுருங்கத்தானே செய்யும்? போகக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கூப்பிடும்போது மரியாதையும் கூலியும் ஒழுங்காகக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

நையாண்டி மேளத்தின் வேலை வேறு. நாகசுரம், தவில், பம்பை, தாளம், சில செட்டில் உறுமியும் கிடுகிட்டியும். நாகசுரம் என்றதும் இந்தச் சீமைக்காரர்களுக்குக் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நினைவு வரும். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962-இல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகசுரம் போட்ட போட்டியை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் அது ராகத்தை நின்று நிதானமாக விரிக்கிற பெரிய மேளம். நையாண்டி மேளத்தில் குழல் அதே குழல்தான், போகிற வழி வேறு: சின்னச் சின்ன மெட்டு, துரித நடை, கரகாட்டக்காரரின் காலுக்கு ஏற்ற அடி. நாட்டுப்புற மெட்டும் சினிமா மெட்டும் அதில் கலந்துதான் வரும். 1976-இல் இளையராஜா வந்த பிறகு கிராமத்து மெட்டுகள் சினிமாவுக்குப் போய், அங்கிருந்து மறுபடி மேளக்காரர் குழலுக்கே திரும்பி வந்தன. ஆற்றுக்குத் தீர்த்தம் எடுக்கப் போக, சாமி வேட்டைக்குப் போக, ஊர்வலம் வர, மேளம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் அது கதை சொல்லாது. ஊர்வலம் நடக்கிறவரைக்கும்தான் அதன் ராஜ்ஜியம்.

செண்டை கேரளத்துக் கோயில் வாத்தியம். அங்கே பஞ்சாரி, பாண்டி என்று கணக்குப் போட்டுப் படிப்படியாக வேகம் கூட்டும் பெரிய கலை. இங்கே நாம் கூப்பிடுவது பெரும்பாலும் அந்தக் கலையை அல்ல, சத்தத்தை. பத்துப் பேர் சேர்ந்து அடித்தால் மனசு துள்ளுவது உண்மை, எனக்கும் துள்ளும். ஆனால் அதற்கும் நம் பீடத்தில் நிற்கிற சாமிக்கும் ஒரு சொல்கூடத் தொடர்பில்லை. மெல்லிசைக் கச்சேரியும் அப்படித்தான். செலவில் பெரும்பகுதி மைக் செட்டுக்கும் லைட்டுக்கும் போய்விடும். வைக்க வேண்டும் என்றால் கொடை முடிந்த மறுநாள் வைக்கலாம்.

சரி, காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால்? சுடலை பிரதானமாக இருக்கிற கோயிலுக்குக் கணியானைச் சொல்லுங்கள், கூட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. முத்தாரம்மன், இசக்கி மாதிரி அம்மன் கோயில்களுக்கு வில்லு. ஊர்வலத்துக்கு நாலே பேர் கொண்ட மேளம் போதும். அதைக் குறைத்து மிச்சம் பிடித்தால் பல ஊர்களில் வில்லு, கணியான் இரண்டையுமே எதிரெதிரே வைத்துவிடலாம். அப்படி வைக்கிற கோயில்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று ஓயும்போது இன்னொன்று எடுக்கும். அந்த ராத்திரிக்கு ஈடு கிடையாது.

செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மைக்காரரிடமும் பேசிவிடுங்கள். குழாய் ஒலிபெருக்கியை முழுச் சத்தத்தில் வைத்தால் குடத்தின் ‘கும்’ செத்துவிடும், மந்தமும் உச்சமும் ஒரே இரைச்சலாகிவிடும். குடத்துக்குத் தனி மைக், புலவருக்குத் தனி மைக், ஒலிபெருக்கி கோயில் வளாகத்துக்குள் மட்டும். சாமக்கொடைக்கு முன்னால் சினிமாப் பாட்டை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.