பிள்ளைக்கு ஸ்பான்சர் பிடித்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் முன்பணம் கட்டாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி அணிகளில் விளையாடும் பிள்ளைகள் உள்ள தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கையைவிட்டுப் போனது 1,450 டாலர். அதைவிட, என் மகளின் பெயரில் அவள் சொல்லாத பொய்கள் ஊரில் பதினான்கு கடைகளுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் ஓஹியோவில் இருக்கிறோம். மகள் ஒரு சிறிய ஊரில் உள்ள கல்லூரியில் வாலிபால் அணியின் லிபரோ. அணியில் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, பின்வரிசையில் தரையில் விழுந்து விழுந்து பந்தை எடுப்பாளே ஒருத்தி, அவள்தான். டிவியில் பெரிதாக வரும் அணி இல்லை. ஆட்டத்துக்கு நானூறு, ஐந்நூறு பேர் வருவார்கள், பாதிப்பேர் ஊர்க்காரர்கள். ஸ்காலர்ஷிப்பும் பாதிதான். மீதியை நாங்கள் கட்டுகிறோம். அதனால் "உள்ளூர் கடைகளிடமிருந்து செலவுக்குக் கொஞ்சம் வாங்கித் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2021 ஜூலை 1 வரை, கல்லூரி விளையாட்டு வீரர் தன் பெயரையோ படத்தையோ காட்டி ஒரு டாலர் வாங்கினாலும் ஆடும் தகுதி போய்விடும் என்ற நிலை இருந்தது. அன்றைக்குத்தான் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்தக் கதவைத் திறந்தது. இதை என்.ஐ.எல். என்கிறார்கள். தன் பெயர், படம், அடையாளம் இவற்றை வைத்துச் சம்பாதிக்கும் உரிமை. அதே நாளில் அயோவா பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஜோர்டன் போஹன்னன் உள்ளூர்ப் பட்டாசுக் கடை ஒன்றில் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் நெப்ராஸ்காவில் டிகோல்டஸ்ட் கிராஃபோர்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை ஓமஹாவில் உள்ள ஏசி நிறுவனம் விளம்பரத்தில் போட்டது. அவர் பெயரைச் சொல்லிப் பார்த்தாலே ஆங்கிலத்தில் 'எல்லாவற்றையும்விடக் குளிர்ந்தது' என்று கேட்கும். அந்தக் கடைக்கு அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்குமா? உள்ளூர் வியாபாரம் இப்படித்தான் நடக்கிறது. கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போக ஒரு காரணம் வேண்டும்.

எங்களிடம் வந்தவரும் அந்த ஏசி விளம்பரத்தைத்தான் முதலில் போட்டுக் காட்டினார்.

அவர் வந்த நேரத்தையும் கவனியுங்கள். 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு வருடத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம் என்று எல்லாச் செய்தியிலும் வந்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி பெரிய கல்லூரிகளின் ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். ஆனால் அந்த வாரம் எந்தப் பெற்றோருக்கும் "நம் பிள்ளைக்கும் ஏதாவது வருமோ" என்றுதான் இருந்திருக்கும். பத்தே நாளில் மகளின் இன்ஸ்டாகிராமுக்கு, ஸ்பான்சர் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது.

வீடியோவில் பேசியவர் இளைஞர், மரியாதையானவர், தானும் கல்லூரியில் விளையாடியவன் என்றார். "கடைக்காரர்கள் தரத் தயாராக இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. உங்கள் மகளைப் பற்றி ஒரு அறிமுகக் கோப்பு தயாரிப்போம், நாங்களே பேசுவோம், 90 நாளில் மூன்று முதல் ஐந்து ஒப்பந்தம்" என்றார். என் மனைவி, "இதை எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்டாள். "எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது" என்றார். ஜூனில் 950 டாலர், ஆகஸ்டில் 500 டாலர் என்று இரண்டு தவணை. மகள் ஃபோன் திரையிலேயே விரலால் கையெழுத்துப் போட்டாள். வயது 19. பதினெட்டுக்குக் கீழே என்றால் கையெழுத்திலிருந்து பின்வாங்க வழி உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து தோழிகளோடு கல்லூரிக்கு எதிரே உள்ள பீட்சா கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் வயதானவர், மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, "எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது நீதானே?" என்று ஃபோனை நீட்டியிருக்கிறார்.

அந்த மின்னஞ்சலை நானும் பார்த்தேன். 'அன்புள்ள' என்ற சொல்லுக்கு அடுத்து, சதுர அடைப்புக்குறிக்குள் 'கடையின் பெயர்' என்று அப்படியே கிடந்தது. பெயரை நிரப்பக்கூட இல்லை. இணைத்திருந்த கோப்பின் உச்சியில் கல்லூரியின் லோகோ பெரிதாக. கீழே மகள் படம், ஆடும் இடம் 'செட்டர்' என்று தவறாக. ஃபாலோயர்கள் 12,400 என்று போட்டிருந்தது. அவளுக்கு அப்போது இருந்தது 1,900 சொச்சம். இரண்டாம் பக்கத்தில் "ஏன் இவருடன் சேர வேண்டும்" என்ற தலைப்பில் வேறு ஏதோ பெண்ணின் பெயர். யாருக்கோ செய்ததை எடுத்து மாற்றியிருக்கிறார்கள், முழுதாக மாற்றவும் இல்லை. கடைசி வரியில் இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 750 டாலர் என்று விலை.

அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. "போன சீசனில் உள்ளூரில் நடந்த எல்லா ஆட்டத்துக்கும் வந்தேன் அம்மா. நீ லிபரோ என்று எனக்குத் தெரியாதா? நேரில் வந்து கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அவள் அழுதுகொண்டே ஃபோன் செய்தாள். "அப்பா, அவர் என்னைப் பொய் சொல்றவன்னு நெனச்சிருப்பாருப்பா." அதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த 11 பக்க ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தோம். மூன்று முதல் ஐந்து ஒப்பந்தம் என்ற பேச்சே அதில் இல்லை. 'நியாயமான முயற்சி எடுப்போம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பக்கத்துக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. மூன்று வருடத்துக்கு அவள் பெயரால் வரும் எந்த வருமானத்திலும் 20 சதவீதம், அதை யார் கொண்டுவந்தாலும் சரி. எழுதிக் கொடுத்து நிறுத்தாவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும். அவள் பெயரையும் படத்தையும் அவர்கள் எந்தக் காலத்துக்கும் பயன்படுத்தலாம். பொதுவாக ஏஜெண்டுகள் 10 முதல் 20 சதவீதம் வாங்குவது உண்டு, ஆனால் அது தாங்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்திலிருந்து, பணம் வந்த பிறகு. முன்பணமும் வாங்கி, நாம் தேடியதிலும் பங்கு கேட்பது வேறு விஷயம்.

இது ஏதோ சின்னக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலுக்கு, தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் சம்பாதிப்பதில் 15 சதவீதத்தை 25 வருடத்துக்குத் தருவதாகக் கையெழுத்து. அடுத்த வருடமே அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றம் போனார். தொகை எங்கே, எங்கள் பணம் எங்கே. ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்ததும் அதே மாதிரி வாசகம்தான், இன்னும் வராத பணத்தில் பங்கு கேட்கும் வாசகம்.

திங்கட்கிழமை மகள், விளையாட்டு விதிகளைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். அனுமதி இல்லாமல் லோகோவைப் போட்டது அவள் இல்லை என்பதை அங்கே புரிந்துகொண்டார்கள், நல்லவேளை. அங்கே இருந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு வலித்தது: "கையெழுத்துப் போடும் முன் கொண்டுவந்திருந்தால் படித்துச் சொல்லியிருப்பேனே, இதற்குக் காசு கிடையாது." அப்படி ஒரு ஆள் அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாது. உங்கள் பிள்ளை கல்லூரியிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். முதலில் அவரைப் பாருங்கள்.

நிறுவனத்தை அழைத்தோம். யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டபோது ஒரு பட்டியல் வந்தது. பதினான்கு கடைகள், பதினான்குக்கும் ஒரே நாள், ஒரே நிமிடம். ஒருவரைக்கூட அழைத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சிலேயே இன்னும் 900 டாலர் கட்டினால் அடுத்த கட்டச் சேவை உண்டு என்றார்கள்! பெரிய ஒப்பந்தம் வந்தால் 590, 590 என்று பிரித்துப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். இது ஆபத்தான பேச்சு. ஹவுஸ் சமரசத்தால் வந்த புது ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளின் வீரர்கள் 600 டாலரோ அதற்கு மேலோ உள்ள வெளி ஒப்பந்தங்களை என்.ஐ.எல். கோ என்ற தளத்தில் பதிய வேண்டும். ஒரே ஆளிடமிருந்து பிரித்துப் பிரித்து வந்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டால் போவது பிள்ளையின் ஆடும் தகுதி, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. "600க்குக் கீழே வரியும் இல்லை" என்றதும் தவறு. இப்படி வரும் நிகர வருமானம் வருடத்துக்கு 400 டாலரைத் தொட்டாலே கணக்குக் காட்டி 15.3 சதவீத சுயதொழில் வரி கட்ட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஷூவும் சாப்பாடும்கூட வருமானம்தான்.

மாணவர் விசாவில் பிள்ளையை அனுப்பியிருக்கும் பெற்றோர் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்து டென்னிஸ் ஆட வந்திருக்கும் எங்கள் நண்பர் வீட்டுப் பையனையும் இவர்கள் பிடித்திருக்கிறார்கள். "விசா ஒரு பிரச்சினையே இல்லை, எங்களிடம் விடுங்கள்" என்றார்களாம். பிரச்சினைதான். எஃப்-1 விசாவில் இருப்பவர் அமெரிக்க மண்ணில் கடைக்கு விளம்பரம் செய்து காசு வாங்குவதை அனுமதியில்லாத வேலையாக எடுத்துக்கொண்டால், படிப்பே பாதியில் நின்றுவிடலாம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி 2023, 2024 இரண்டு வருடமும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கனடாக்காரர். மாணவர் விசாவில் இருந்ததால் அவராலேயே மற்ற வீரர்களைப் போல இங்கே சம்பாதிக்க முடியவில்லை. கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமோ குடியேற்ற வழக்கறிஞரிடமோ கேட்காமல் ஒரு இலவசச் சட்டைகூட வாங்கவிடாதீர்கள். அந்தப் பையன் கையெழுத்துப் போடும் முன் எங்களைக் கேட்டதால் தப்பினான்.

பிறகு மகள், "நீங்க யாரும் பேச வேண்டாம்பா, நானே போறேன்" என்றாள். கூட்டம் இல்லாத செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு அந்தப் பீட்சா கடைக்குப் போனாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு தானே எழுதிய ஒரே ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் உண்மையான ஃபாலோயர் எண்ணிக்கை, அவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள், தன்னால் என்ன செய்ய முடியும், எந்தெந்த நாளில் ஆட்டம், அவ்வளவுதான். பெரியவர் உற்சாகமாகி, "நீ எடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஐந்து டாலர் தருகிறேன்" என்றாராம். அது கூடாது, ஆட்டத்தில் எப்படி ஆடினாள் என்பதை வைத்துப் பணம் கொடுப்பது விதிக்கு விரோதம். கம்ப்ளையன்ஸ் அம்மாவிடம் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். சீசனுக்கு 400 டாலர், இன்ஸ்டாகிராமில் மூன்று பதிவு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாலை கடையில் சின்னப் பிள்ளைகளோடு படம் எடுத்துக் கையெழுத்துப் போடுவது. முதல் ஞாயிறு நாங்களும் போயிருந்தோம். ஏழு வயதுப் பெண் ஒருத்தி முழங்கால் பட்டையோடு வந்து, எப்படி விழ வேண்டும் என்று கேட்டாள். மேசைகளை ஒதுக்கிவிட்டு மகள் தரையில் விழுந்து காட்டினாள்.

அடுத்த வாரம் நிறுவனத்திடமிருந்து 80 டாலருக்கு பில் வந்தது, அந்த 400இல் 20 சதவீதம்.

கட்டவில்லை. கிரெடிட் கார்டு வங்கியில் புகார் செய்தோம். ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஜூன் தவணைக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆகஸ்டில் கட்டிய 500 மட்டும் திரும்பி வந்தது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதிந்திருக்கிறோம். ஓஹியோவில் விளையாட்டு ஏஜெண்டுகள் மாநில அத்லெடிக் கமிஷனில் பதிவு செய்ய வேண்டும். கேட்டதற்கு "நாங்கள் ஏஜெண்டு இல்லை, மார்க்கெட்டிங்" என்றார்கள். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களின் வலைப்பக்கத்தில் இப்போது என் மகள் படம் இருக்கிறது. பீட்சா கடை வாசலில் எடுத்த படம், கீழே 'எங்கள் வெற்றிக் கதை' என்று எழுதியிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் அனுப்பிவிட்டோம், இன்னும் எடுக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு யாராவது அந்தப் படத்தைக் காட்டினால் சொல்லுங்கள்: அந்த ஒப்பந்தத்தை அவர்கள் வாங்கித் தரவில்லை. ஒரு செவ்வாய் மதியம் அவளே நேரில் போய்க் கேட்டு வாங்கியது அது.