மாடி போர்ஷனை மாச வாடகைக்கு விடலாமா, நாள் வாடகைக்கா? வேலூர்க்காரங்களுக்கு

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் தோட்டப்பாளையம், சைதாப்பேட்டைல மாடி காலியா வச்சிருக்கறவங்க எல்லாரும் இப்ப யோசிக்கறது இதான், குடித்தனம் வைக்கலாமா இல்ல ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமான்னு. காசுன்னு பாத்தா நாள் வாடகைதான் ஜாஸ்தி, ஆனா சட்டம் ரெண்டையும் ஒண்ணா பாக்கறதில்ல.

மாச வாடகைல வேலை கம்மி. 2017ல போட்டு 2019ல அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அக்ரிமென்ட்ட எழுதி, வாடகை அத்தாரிட்டிகிட்ட பதிவு பண்ணணும், தனியா பேசி எழுதிக்கலன்னா அட்வான்ஸ் 3 மாச வாடகைதான். குடியிருக்க விட்டா பொதுவா ஜிஎஸ்டி கிடையாது, வருமான வரிக்கு கணக்கு காட்டும்போது வாடகைல 30 சதவீதம் கழிச்சுக்கலாம்.

நாள் வாடகைன்னா மொதல்ல ஈபிய பாருங்க. வீட்டு கனெக்‌ஷன்ல லாட்ஜ் மாதிரி ஓட்டிட்டு செக்கிங்ல மாட்டினா 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுல ரெண்டு மடங்கு ரேட் போடுவாங்க, எப்போல இருந்துன்னு தெரியலன்னா முந்தின 12 மாசத்துக்கும் சேத்து, இதுலயே சம்பாதிச்சதுல ஒரு பங்கு போயிடும். கமர்ஷியல் கனெக்‌ஷனுக்கு மாத்தினா 100 யூனிட் ஃப்ரீயும் போச்சு. சொத்து வரி மாறுமான்னும் கார்ப்பரேஷன்ல கேட்டுக்கோங்க. ஜிஎஸ்டிக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டணும், அதனால சின்ன வீட்டுக்காரங்க பயப்பட வேணாம், ஆப் வழியா புக்கிங் வந்தா அந்த கம்பெனியே கட்டிடும்.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது வெளிநாட்டுக்காரங்க விஷயம். பங்களாதேஷ்ல இருந்து வர்ற குடும்பம் ரூம்ல கேஸ் அடுப்பு இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாங்க, மீன் வாங்கி சமைச்சு பேஷன்ட்டுக்கு எடுத்துட்டுப் போகணும் பாவம், நாம அடுப்ப காட்டிட்டு சாவிய குடுத்துடறோம். ஆனா அவங்க வந்த 24 மணி நேரத்துக்குள்ள பாஸ்போர்ட், விசா விவரத்த வீட்டுக்காரங்க நாம ஆன்லைன்ல ஏத்தியாகணும், ஃபார்ம் சின்னு எல்லாரும் சொல்றது இதத்தான். மாசக்கணக்குல தங்கினாலும், தெரிஞ்சவங்க அனுப்பினாலும் இது உண்டு. நடுராத்திரி ரயில்ல காட்பாடில இறங்கி வந்தாலும் யாராவது முழிச்சிருந்து பாஸ்போர்ட், விசா பக்கங்கள போட்டோ எடுக்கணும்.

அதனால கீழ் வீட்ல நீங்களே இருந்தா நாள் வாடகை தாராளமா பண்ணுங்க, மத்திய அரசோட ஹோம்ஸ்டே திட்டத்துலயும் வீட்டுக்காரர் அங்கயே குடியிருக்கணும்னுதான் விதி. சென்னைல உக்காந்துகிட்டு வாட்ச்மேன நம்பி விடறவங்களுக்கு மாச வாடகைதான் சரி. அபார்ட்மென்ட்டா இருந்தா அசோசியேஷன் பைலாவ படிச்சிட்டு அப்புறம் போர்டு மாட்டுங்க.