பின்பக்கம் வீசும் தாழ்த்திய பழைய கார்: அலைன்மென்ட்டா, புஷ்ஷா, ஷாக்கா?

உயரம் குறைத்த பழைய கார் வளைவில் பின்பக்கத்தை வீசுகிறது, அதாவது பின் சக்கரங்கள் பிடி விட்டு வெளிப்பக்கம் வழுக்குகின்றன என்று சொன்னால், யோசனை சொல்பவர்கள் உடனே மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அலைன்மென்ட் பண்ணு, அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய், என்பது ஒன்று. புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்) எல்லாவற்றையும் மாற்று என்பது இன்னொன்று. ஷாக் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் குழாய்) போய்விட்டது, காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் செட்) போட்டுவிடு என்பது மூன்றாவது. மூன்று பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். தகராறு வரிசையில்தான். தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் எடுத்தால், புஷ் மாற்றியபிறகு அதே வேலைக்கு இரண்டாவது முறை காசு கொடுக்க வேண்டும்.

எப்போது வீசுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும், மறுபடி மிதித்ததும் பின்பக்கம் தானாகவே ஸ்டீயரிங் பிடிப்பதுபோல் நகர்ந்தால் சந்தேகம் புஷ் மீதும் டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) மீதும். வளைவின் நடுவில் மேடு ஒன்று வந்ததும் துள்ளி விலகினால் ஷாக் அல்லது பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் ஒரேயடியாக அமுங்காமல் தடுக்கும் ரப்பர்). ஈரத்தில் மட்டும் என்றால் டயர். பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் அது தனிக் கதை, கடைசியில் பார்ப்போம்.

டயரை முதலில் கழித்துவிடலாம், செலவே இல்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பள்ளம் நிறைய இருந்தாலும் பத்து வருட ரப்பர் கல்லாகியிருக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு என்றால், காற்றைக் குளிர்ந்த நிலையில் சரிசெய்து, டயர்களை முன்பின் மாற்றிப் போட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குணம் தலைகீழாக மாறினால் தேடல் அங்கேயே முடிந்தது.

அலைன்மென்ட்டும் புஷ்ஷும்

பின் சக்கரங்களின் முன்முனைகள் லேசாக உள்நோக்கி இருந்தால் டோ-இன், வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். பின்பக்கம் டோ-அவுட்டில் நிற்கும் கார் நேர்ச் சாலையிலேயே அலையும். வளைவில் எடை ஏறும் வெளிச் சக்கரம் வெளிநோக்கி இருப்பதால், பின்பக்கத்தையும் வெளியே இழுக்கும். 16 இன்ச் ரிம்மில் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுமார் 0.14 டிகிரி. அந்த ஒரு மில்லிமீட்டரே ஓட்டுபவர் கைக்குத் தெரியும்.

உயரம் இறக்கினால் இது எவ்வளவு மாறும் என்பது பின் சஸ்பென்ஷன் வகையைப் பொறுத்தது. பி.எம்.டபிள்யூ ஈ30 போல சாய்ந்த டிரெய்லிங் ஆர்ம் (சக்கரத்தை முன்னாலிருந்து பிடித்திருக்கும் கை) உள்ளவற்றில் கேம்பரும் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளோ வெளியோ சாயும் கோணம்) டோவும் சேர்ந்தே மாறும். அதைத் திருத்தத் தொழிற்சாலை வசதி எதுவும் வைக்கவில்லை, விலகுமைய புஷ் (துளை நடுவில் இல்லாமல் விலகியிருப்பது) தனியாக வாங்கிப் போட வேண்டும். ஈ36-இல் இரண்டையும் தனித்தனியே திருத்தலாம். டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும் குறுக்குக் கம்பம்) உள்ள முன்சக்கர ஓட்டக் கார்களில் இறக்கினாலும் டோ பெரிதாக மாறாது. அங்கே அளவு தப்பாக வந்தால் ஸ்டப் ஆக்ஸிலோ (சக்கரம் மாட்டும் குட்டை அச்சு) பீமோ வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைத் தண்டு ஆக்ஸிலில் பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பாடியோடு பிடித்திருக்கும் கம்பி) இருந்தால், இறக்கியதும் ஆக்ஸிலே பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதற்கு நீளம் மாற்றக்கூடிய ராட் வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் எங்கள் ஓட்டு புஷ்ஷுக்குத்தான் முதலில். அலைன்மென்ட் மெஷின் பார்ப்பது நின்றுகொண்டிருக்கும் காரை. ஈ36-இன் டிரெய்லிங் ஆர்ம் புஷ் இதற்குப் பேர்போனது: தாளில் எல்லா எண்ணும் பச்சையாக இருக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆர்ம் முன்னோ பின்னோ நகர்ந்து, சக்கரத்தின் டோவையே மாற்றிவிடும். ரப்பர் உள்ளே கிழிந்திருப்பதால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சோதிப்பது இப்படி. முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது டோ லிங்க் அல்லது ஆர்ம். பிறகு கடப்பாரையால் ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பிப் பாருங்கள். அடுத்து காரை இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரைக் காரை முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுங்கள். பின் டிஸ்க் அல்லது டிரம்மை ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பதால் சக்கரம் உருளாது. புஷ்ஷின் குறுக்கே சாக்பீஸில் இட்ட கோடு உடைந்து விலகினால் ஆள் அகப்பட்டான்.

தாழ்த்திய காருக்கே உரிய தப்பு ஒன்று உண்டு. ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். பழைய உயரத்தில் இறுக்கிய போல்ட்டை அப்படியே விட்டு 40 மில்லிமீட்டர் இறக்கினால், அத்தனை புஷ்ஷும் இரவும் பகலும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும். பிவட் போல்ட்களைத் தளர்த்தி, கார் சக்கரத்தில் நிற்கும்போது சற்று உருட்டி, அந்த உயரத்திலேயே டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். தளர்த்தியதும் சில கார்கள் ஓரிரு மில்லிமீட்டர் தாமாகவே இறங்கும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து புஷ்ஷும் காரைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

மாற்றுவதென்றால் ரப்பரா, பாலியூரித்தேனா? ஒரே அச்சில் சுழலும் இடத்துக்கு பாலி நல்லது, கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும் என்பதைத் தவிர. பல திசையில் நெளிய வேண்டிய மல்டிலிங்க் (ஒரு சக்கரத்துக்குப் பல கைகள் உள்ள) சஸ்பென்ஷனின் டிரெய்லிங் ஆர்மில் பாலி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அங்கே புது ரப்பரோடு இருபுறமும் அதன் அசைவை அடக்கும் லிமிட்டர் வாஷர் போடுவதே மேல்.

ஷாக்கும் அதன் கூட்டாளிகளும்

ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் பேச்சே இல்லை, மாற்றுங்கள். ஆனால் ஷாக் மீது விழும் பழியில் பெரும்பகுதி பம்ப் ஸ்டாப்புடையது. குட்டை ஸ்பிரிங்கைப் பழைய நீளமான ஷாக்கோடு போட்டால், மிச்சமிருக்கும் ஓட்டம் கொஞ்சம்தான். வளைவில் சாய்ந்ததும் கார் பம்ப் ஸ்டாப்பில் உட்காரும், பின்பக்கம் திடீரென விறைக்கும், பிடி போகும். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டி ஓட்டிப் பாருங்கள். அது மேலே தள்ளப்பட்டு பம்ப் ஸ்டாப்பைத் தொட்டு நின்றால் காரணம் அதுதான். குட்டை உடல் ஷாக் அதற்கு மருந்து. விறைப்பை மட்டும் கூட்டினால் குணமாகாது.

ஸ்பிரிங்கை அறுத்து இறக்கியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. வேலை செய்யும் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்: 8 சுற்று 6.5 ஆனால் சுமார் 23 சதவீதம். பின்பக்கம் மட்டும் அவ்வளவு விறைத்தால் வீசத்தான் செய்யும். காரைத் தூக்கியதும் ஸ்பிரிங் கையால் சுழன்றால், மேட்டில் தான் உட்காரும் இடத்தை விட்டே நழுவும். அதைக் கழற்றிக் கடாசுங்கள்.

தடித்த பின் ஆன்டி-ரோல் பாரும் (இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) இதே வகை. வளைவில் சாய்வைக் குறைத்து, பின்பக்கப் பிடியையும் குறைக்கும். ஒரு பக்க லிங்க்கைக் கழற்றி, எங்கும் உரசாதபடி கட்டிவைத்து ஓட்டினால் ஒரு சுற்றில் தெரிந்துவிடும்.

பிரேக் பிடித்தால் மட்டும் வீசினால்

பல பழைய கார்களில் பின் ஆக்ஸிலோடு கம்பி அல்லது ஸ்பிரிங்கால் இணைந்த பிரேக் வால்வு ஒன்று இருக்கும். பின்பக்கம் அமுங்கினால் பாரம் ஏறியதாக நினைத்துப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். கார் தாழ்ந்ததும் காலி வண்டியையே அது பாரவண்டியாகக் கணக்கிடும், பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். புஷ், ஷாக் என்று எதை மாற்றினாலும் இது தீராது. கார் எவ்வளவு இறங்கியதோ அதற்கேற்ப இணைப்பைத் திருத்த வேண்டும், ரிப்பேர் மேனுவலில் உள்ள அளவுப்படி. கண்ணளவில் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்தபிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். ஓட்டுநர் எடைக்கு இருக்கையில் மூட்டை, பாதி டாங்க் எரிபொருள், சரியான காற்று. சாலைக்கு ஓட்டும் காருக்குப் பின்பக்க மொத்த டோ-இன் 0.2 முதல் 0.3 டிகிரி, இடமும் வலமும் சமமாக. கேம்பர் இரண்டு டிகிரிக்கு மேல் எதிர்மறையாக நின்றால், டயரின் உள்விளிம்பு தேய்வதைக் குனிந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. திருத்தும் இடமே தீர்ந்துபோய் எண் வராவிட்டால், காரை 15 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டு மறுபடி எடுங்கள்.