வேலூர்க் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று: சிகிச்சையில் குறையில்லை, வீட்டுக்கு அனுப்பியதில் உண்டு

குடியாத்தத்தில் இருக்கும் என் தங்கையின் ஏழு மாத மகனைக் கடும் காய்ச்சலோடு, பால் குடிக்க மறுத்து உச்சிக்குழி புடைத்திருந்த நிலையில், வேலூரிலுள்ள தனியார் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். பெயரைத் தவிர்த்துவிட்டு அதன் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அவசரப் பிரிவுக்கு முழு மதிப்பெண் தரலாம். மூளைக்காய்ச்சல் (மூளையுறை அழற்சி) என்ற ஐயம் எழுந்ததுமே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், இரத்த மாதிரி எடுத்த கையோடு செஃப்ட்ரியாக்சோன், வான்கோமைசின் என்ற இரு பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளையும் ஏற்றத் தொடங்கினார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும், கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் அம்மா அழுதார். டூட்டி டாக்டர் எரிச்சல்படாமல் ஒரு தாளில் முதுகெலும்பை வரைந்து, தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்கும் என்று விளக்கிய பிறகே கையெழுத்துக் கேட்டார். பளிங்காக இருக்க வேண்டிய அந்த நீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்ததை, குப்பியை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, அதாவது நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா, என்று வந்தது. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு இலவசமாக 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் போடும் பிசிவி என்ற நிமோகாக்கஸ் தடுப்பூசியில் இரண்டாம் தவணை விடுபட்டிருந்ததைத் தடுப்பூசி அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் ஒரு செவிலியர்.

உடன் தங்குவோருக்கான கூடம் தகரக் கூரையின் கீழ் இருக்கிறது. வேலூர்க் கத்திரி வெயிலில் அதைக் கூடம் என்பதற்குத் தாராள மனம் வேண்டும்.

பெருங்குறை வேறு. நிமோகாக்கஸ் மூளையுறை அழற்சிக்குப் பின் செவித்திறன் குறைவது அபூர்வமன்று. உட்செவியின் நத்தைக்கூட்டில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டால் காது கேட்க உட்செவிக்குள் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்துவதே கடினமாகிவிடும் என்பதால், வீடு திரும்பிய 4 வாரங்களுக்குள்ளாவது கேட்டல் பரிசோதனை நடந்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் அளவு, அடுத்து வர வேண்டிய தேதி எல்லாம் பிழையின்றி இருந்தன. இதைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டதற்கு, குழந்தைதான் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறதே என்றார்கள். ஒரு காது கேட்டாலே குழந்தை திரும்பும் என்பதை மருத்துவமனைக்கு நான் சொல்லவா வேண்டும்?

வேறோர் இடத்தில் எடுத்த பெரா பரிசோதனையில் (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளை அளப்பது) இடது காதில் ஓரளவு குறைவு தெரிந்தது. அந்த அறிக்கையை இந்த மருத்துவமனையினர் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் படிவத்தில் கேட்டல் பரிசோதனைக்கென ஒரு கட்டம் சேர்க்கும்படி எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.